பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பலாமா?

கடந்த தவணை ஆரம்பத்தில் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை தோறும் பாடசாலை மண்டபத்தில் ஜப்பானியப் பாரம்பரியக் கராத்தே வகுப்பு நடைபெறும், விரும்பியோர் பெயர் தரலாம், கட்டணம் இவ்வளவு என்று அதில் இருந்தது. எமது மாதாந்தக் கூட்டத்துக்கு வந்த தாய்மார் சேமிப்புப் புத்தகத்தோடு அந்தக் கடதாசியையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அனுப்பலாமா, வேண்டாமா என்பதே கேள்வி.

காணியையும் வீட்டையும் விட்டு வந்து இப்போது கூலி வேலை செய்யும் ஒரு தகப்பன் முதலில் பேசினார். "சாமி, புது ஸ்கூல்ல எல்லாரும் இவன முகாம்காரன்னு சொல்லி அடிக்கிறாங்க. கராத்தே படிச்சா ரெண்டு பேருக்குத் திருப்பிக் குடுப்பான்தானே?" அவருக்குப் பின்னால் இருந்த ஒரு தாய் உடனே சொன்னார்: "சண்டை படிக்கவா நாங்க இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

இருவருக்கும் சொல்ல அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்தோம். குத்துவது எப்படி என்று எவரும் எமக்குப் படிப்பிக்கவில்லை. ஆகவே கண்டி நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலை மண்டபத்தின் பின்வாங்கில் நாலைந்து சனிக்கிழமைகள் போய் உட்கார்ந்து பார்த்தோம். சில நூல்களையும் வாசித்தோம். அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மண்டபத்தில் நடப்பது என்ன?

வகுப்பு துடைப்பத்தோடு ஆரம்பமாகிறது. முதலில் வரும் பிள்ளைகள் மண்டபத்தைக் கூட்டுகிறார்கள். வெறுங்காலோடு பயில்வதால் ஓர் ஆணியோ கண்ணாடித் துண்டோ கிடக்கக் கூடாது. செருப்புகள் வாசலில் வரிசையாக வைக்கப்படுகின்றன. பின்னர் எல்லோரும் முழந்தாளிட்டுக் குதிகால்மேல் அமர்ந்து, சற்று நேரம் கண்மூடியிருந்து, ஆசிரியருக்கும் ஒருவருக்கொருவரும் தலை குனிந்து வணங்கி எழும்புகிறார்கள். அதன்பின் எண்ணிக்கை தொடங்குகிறது: இச்சி, நி, சன், ஷி, கோ. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவதே இது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குத்து. பத்துத் தரம், இருபது தரம், நூறு தரம் அதே குத்து. நாம் பார்த்த முதல் நாளில் ஒரு மணி நேரமாக எவரும் எவரையும் தொடவில்லை. காற்றைத்தான் குத்தினார்கள்.

பயிற்சியில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது கிஹோன், அதாவது அடிப்படை. நிற்பது, அடி எடுத்து வைப்பது, குத்துவது, உதைப்பது, தடுப்பது ஆகியவற்றைத் தனித்தனியே திரும்பத் திரும்பச் செய்தல். இதில் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை மண்வெட்டி பிடித்தவருக்கு விளக்கத் தேவையில்லை. புதிதாகக் கொத்த வருபவர் கைப்பலத்தால் கொத்துவார், அரைமணியில் ஓய்ந்துவிடுவார். பழகியவர் காலை ஊன்றி, இடுப்பைக் கொடுத்துக் கொத்துவார், மாலைவரை நிற்பார். கராத்தேக் குத்தும் அப்படியே. பின்காலின் குதி நிலத்தில் ஊன்றி நிற்க, இடுப்பு திரும்ப, தோள் அதனைத் தொடர, கடைசியாகவே முட்டி வந்து சேருகிறது. மற்றக் கை அதே வேளையில் இடுப்புக்கு இழுக்கப்படுகிறது. இதைக் கண்டபோது, எமது ஆட்களின் பிள்ளைகளுக்கு இது விரைவில் பிடிபடும் என்று நினைத்தோம், அப்படியே நடந்தது.

இரண்டாவது காட்டா. எதிரில் ஆட்கள் இருப்பதாகப் பாவித்து, ஓர் ஒழுங்கில் தனியாகச் செய்யும் அசைவுகளின் தொடர் இது. ஷோட்டோகான் என்னும் பிரிவில் ஆரம்பப் பிள்ளைகள் படிக்கும் முதலாவது ஹெய்யான் காட்டாவில் 21 அசைவுகள் உள்ளன. அதன் முதல் அசைவு குத்து அல்ல, ஒரு தடுப்பு. பழைய ஆசிரியர்கள் இதைப் பெரிதாக எடுத்துச் சொல்வார்கள்: கராத்தே தெரிந்தவன் தானாக முதல் அடி அடிப்பதில்லை.

மூன்றாவது குமித்தே, இருவர் எதிரெதிராக நின்று செய்வது. ஆரம்பத்தில் இது முன்கூட்டியே பேசி வைத்த பயிற்சி. அடிப்பவர் எங்கே அடிக்கப் போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஓரடி முன்வைப்பார். மற்றவர் பின்வாங்கித் தடுத்துத் திருப்பிக் குத்துவார். அந்தக் குத்து உடம்பைத் தொடுவதற்கு ஒரு விரல் இடைவெளி இருக்கையில் நின்றுவிட வேண்டும். பலமாகக் குத்தப் பழகுவது ஒரு பங்கு என்றால், அதை நிறுத்தப் பழகுவது மூன்று பங்கு. சினிமா பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், ஓட்டை உடைப்பது எப்போது, பாய்ந்து உதைப்பது எப்போது என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது சனிக்கிழமை அவனைக் காணவில்லை. "இது வழமை, ஃபாதர்" என்றார் ஆசிரியர்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது?

இடம்பெயர்ந்த எமது வாசகர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறோம். கராத்தே ஜப்பானியக் கலை என்று சொல்லப்பட்டாலும், அது பிறந்தது தோக்கியோவில் அல்ல. தெற்கே வெகு தொலைவில் கடலில் கிடக்கும் ஒகினாவா என்னும் தீவில்தான். அத்தீவு எமது கண்டி மாவட்டத்தைவிடச் சிறியது. முன்னர் ரியுக்கியு என்னும் தனி இராச்சியமாக இருந்து, சீனாவோடும் சீயத்தோடும் மலாக்காவோடும் வணிகம் செய்தது. 1609இல் ஜப்பானின் சத்சுமாப் பிரபுக்கள் படையெடுத்து வந்து அதனைத் தமக்குக் கீழ்ப்படுத்தினார்கள். 1879இல் ஜப்பானிய அரசு இராச்சியத்தையே இல்லாமலாக்கி, ஒரு மாகாணமாகச் சேர்த்துக்கொண்டது.

ஆயுதம் பறிக்கப்பட்ட ஏழை விவசாயிகள் இரவில் ஒளித்திருந்து வெறுங்கையால் போரிடப் பழகியதே கராத்தே என்று ஒரு கதை உண்டு. வகுப்புகளில் இதைச் சொல்லக் கேட்பீர்கள். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது, எமக்கும் பிடித்த கதைதான். ஆனால் வரலாறு அவ்வளவு நேரானதல்ல. ஆயுதக் கட்டுப்பாடு இருந்தது உண்மை. சீனத்துக் கைச்சண்டை முறைகள் அங்கே வந்து உள்ளூர் முறைகளோடு கலந்ததும் உண்மை. எனினும் அதனைப் பேணி வந்தவர்களில் பெரும்பாலோர் அரசனிடம் மானியம் பெற்ற சிறு உத்தியோகத்தர் குடும்பத்தினர். இராச்சியம் போனதோடு அவர்களது மானியமும் போயிற்று. அக்குடும்பங்களில் பல தலைநகர் ஷூரியை விட்டு நாட்டுப்புறத்துக்குப் போய், பிறருடைய நிலத்தில் குடிசை போட்டு, பழக்கமில்லாத பயிர்ச்செய்கையில் இறங்கின. அப்படி வந்தேறியோரின் குடியிருப்புகளுக்கு யாதொரி என்ற தனிப்பெயரே அங்கு உண்டு. ஆகவே, இடம்பெயர்ந்தோர் கலை என்று இதைச் சொன்னால் அது முற்றிலும் பொய்யாகாது.

இதனைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தவர் அங்கோ இத்தோசு என்னும் முதியவர். 1901ஆம் ஆண்டளவில் ஷூரியிலுள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் இது உடற்பயிற்சியாகச் சேர்க்கப்பட்டது. 1908இல் அவர் கல்வி அதிகாரிகளுக்குப் பத்து விடயங்களைக் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். இது ஒருவனைத் தாக்குவதற்கான வித்தையன்று, முரடனை எதிர்ப்பட்டாலும் கூடியமட்டும் கைகலப்பைத் தவிர்க்க வேண்டும், சிறு வயதிலேயே பாடசாலையில் தொடங்கினால் பிள்ளைகளின் உடல் நலம் பெறும் என்பன அதன் சாரம். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதாக ஐந்து எளிய காட்டாக்களையும் அவரே தொகுத்தார். இன்று கண்டியில் ஒரு பிள்ளை சனிக்கிழமை செய்யும் ஹெய்யான் காட்டாக்கள் அவற்றின் வழிவந்தவையே.

இத்தோசுவின் மாணாக்கரே கிச்சின் ஃபுனகோஷி. 1868இல் பிறந்தவர், பிள்ளைப் பருவத்தில் நோஞ்சான், தொழிலால் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். மூன்று காட்டாக்களை மட்டும் படிக்கத் தமக்குப் பத்து வருடங்கள் சென்றதாக அவர் எழுதிவைத்துள்ளார். 1922இல் ஒரு கண்காட்சிக்காகத் தோக்கியோ சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு 50 வயது கடந்துவிட்டது. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவலும் கூட்டித் துடைக்கும் வேலையும் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் கராத்தே படிப்பித்தார். வகுப்புக்கு முன் துடைப்பம் எடுக்கப் பிள்ளைகள் முகம் சுளித்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். வெள்ளைச் சீருடையும் வர்ணப் பட்டிகளும் இக்காலத்தில்தான், ஜூடோவைப் பின்பற்றி வந்தன. முன்னர் "சீனக் கை" என்று பொருள்படும்படி எழுதப்பட்ட பெயரை "வெறுங்கை" என்று பொருள்படும்படி மாற்றி எழுதி, 1930களில் அதை நிலைநாட்டியவரும் இவரே. அவருக்கென மாணாக்கர் கட்டிக் கொடுத்த பயிற்சிக்கூடம் 1945 குண்டுவீச்சில் எரிந்து போயிற்று.

அதே 1945இல் ஒகினாவாவில் நடந்தது இன்னும் கொடியது. ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை நடந்த சண்டையில் அத்தீவின் பொதுமக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மாண்டார்கள். தப்பியவர்களை அமெரிக்க இராணுவம் முகாம்களில் வைத்தது. அவர்கள் ஊர் திரும்பியபோது பலரது வயல் விமானத் தளமாகியிருந்தது. இன்றும் ஒகினாவாப் பெருந்தீவின் நிலத்தில் ஏறக்குறைய 15 வீதம் இராணுவத் தளங்களாகவே இருக்கிறது. 1955 மார்ச்சில் இயெஜிமா என்னும் சிறு தீவில் இராணுவம் வீடுகளை இடித்து விவசாயிகளை வெளியேற்றிய வேளை, அவர்களுக்கு முன்னின்றவர் ஷோகோ அஹாகொன் என்னும் விவசாயி. கிறிஸ்தவர். அதிகாரிகளோடு பேசப் போகும்போது கடைப்பிடிக்க அவ்விவசாயிகள் தமக்குத் தாமே சில விதிகளை எழுதிக்கொண்டார்கள். இருந்து பேச வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. கையைக் காதுக்கு மேல் தூக்கக் கூடாது. அரிவாளோ தடியோ எதுவும் கையில் இருக்கக் கூடாது. பின்னர் பல மாதங்கள் ஊரூராக நடந்து தமக்கு நேர்ந்ததை மக்களுக்குச் சொன்னார்கள். இவ்விதிகள் கராத்தே வகுப்பில் எழுதப்பட்டவை அல்ல. என்றாலும், கராத்தே பிறந்த மண்ணில், காணி இழந்தவர்கள், வெறுங்கை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் கண்டார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன அந்தத் தகப்பனுக்கு நாம் இந்தக் கதையைத்தான் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "காணி கிடைச்சதா?" என்று மட்டும் கேட்டார். சிலருக்குச் சில பகுதி திரும்பக் கிடைத்தது, எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கவில்லை என்றோம்.

யாருடைய வீட்டு மொழியும் அல்ல

நாம் பார்த்த வகுப்பில் எமக்கு மிகவும் பிடித்தது எண்ணிக்கைதான். கட்டளைகள் யாவும் ஜப்பானிய மொழியில். சிங்களப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அது ஒரேயளவு புதிது. பாடசாலையில் மொழி விளங்காமல் பின்வாங்கில் ஒதுங்கும் எமது பிள்ளை இங்கே மற்றவர்களோடு சமமாகத் தொடங்குகிறது. "இச்சி" என்றால் எல்லாரும் ஒன்றாகத்தான் அடி வைக்க வேண்டும். பிறகு இருவர் இருவராக நிற்கும்போது, தன் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் மற்றவன் குத்தை நிறுத்துவான் என்று நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பக்கங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்ட எமக்கு, அந்த நம்பிக்கை சிறிய காரியமாகப் படவில்லை. ஒரு வகுப்பால் இனங்கள் ஒன்றுபட்டுவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை சேர்ந்து நின்ற பிள்ளைகள் திங்கட்கிழமை பஸ்ஸில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான் கண்டோம்.

எமக்கென்று சிலம்பம் இருக்க, சிங்களவருக்கு அங்கம்பொற இருக்க, வெளிநாட்டுக் கலை எதற்கு என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தோட்டத்தில் சிலம்ப வாத்தியார் இருந்தால் அவரிடமே பிள்ளையை விடுங்கள். எமது பகுதியில் சனிக்கிழமை கதவு திறந்திருப்பது இந்த வகுப்புக்குத்தான்.

அனுப்புமுன் கேட்க வேண்டியவை

முதலில் பணம். மாதக் கட்டணத்தோடு காரியம் முடியாது. சீருடை, சங்க அங்கத்துவம், பட்டிப் பரீட்சை, போட்டிக்குப் போகும் பஸ் செலவு என்று பின்னால் பல வரும். எல்லாவற்றையும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. முதல் மூன்று மாதம் சாதாரண பெனியனும் காற்சட்டையும் போதும் என்று சொல்லும் ஆசிரியர் நல்லவர். வளர்ந்த பிள்ளைகளின் பழைய சீருடைகளையும் வாங்கலாம். ஆரம்ப நிலையில் வழக்கமாகப் பத்துப் படிகள். அதன் பிறகே கறுப்புப் பட்டி. ஒழுங்காகப் பயின்றாலும் அதற்குச் சில வருடங்கள் செல்லும். ஒரே வருடத்தில் கறுப்புப் பட்டி என்று சொல்பவர் பட்டி விற்பவர். அதன் முதல் நிலைக்கு ஷோதான் என்று பெயர். ஆரம்பப் படி என்பதே அதன் பொருள்.

இரண்டாவது, ஆசிரியர். அவர் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர், அது விளையாட்டுத்துறையில் பதிவு பெற்ற தேசியச் சம்மேளனத்தோடு தொடர்புள்ளதா, யாரிடம் படித்தார் என்று கேளுங்கள். ஷோட்டோகான், கோஜு, ஷித்தோ, வாதோ எனப் பிரிவுகள் பல. எது சிறந்தது என்ற வாதத்தில் நீங்கள் இறங்க வேண்டியதில்லை, ஆள்தான் முக்கியம். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத வகுப்புக்கு அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளைத் தனியே மறித்து வைத்துப் பயிற்சி கொடுப்பதாகச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். சில வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில், அசைவு பிழைத்த பிள்ளைகளின் காலில் பிரம்பால் அடிக்கும் ஒரு பயிற்றுநரை நாம் கண்டோம். ஒழுக்கம் வரட்டும் என்று பெற்றோரும் பேசாமல் இருந்தார்கள். நாமும் அன்று பேசவில்லை. அது எமது பிழை. பாடசாலைகளில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கராத்தே என்ற பெயர் அதற்கு விலக்கல்ல. பிள்ளைக்கு எவ்விதத் துன்புறுத்தல் நேர்ந்தாலும் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். எமது பிள்ளைகளில் பலர் காலையில் பிளேன்டீயோடு வருகிறார்கள், அரைமணியில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். முன்கால் மடித்து நிற்கையில் முழங்கால் பாதத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். உள்ளே சரிந்தால் நாளடைவில் முழங்கால் கெடும். சோடிப் பயிற்சி தொடங்கினால் பற்காப்பு வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கினால், வாந்தி எடுத்தால், தடுமாறினால், அன்று பயிற்சியைத் தொடர விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். இழுப்பு, வலிப்பு உள்ள பிள்ளை என்றால் முன்னரே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

தலை குனிந்து வணங்குவது வேறு தெய்வத்தைக் கும்பிடுவதாகாதா என்று ஒரு பாட்டி எம்மைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். ஆகாது. நாம் கைகூப்பி வணக்கம் சொல்வது போன்றதே அது. சுவரிலுள்ள பழைய ஆசிரியரின் படத்துக்குக் குனிவதும் அப்படியே. எந்த மதத்துப் பிள்ளையும் மனச்சாட்சி உறுத்தாமல் செய்யலாம்.

விளையாட்டில் முன்னேறி வெளிநாடு போகலாம் என்ற பேச்சை மட்டும் அளந்து கேளுங்கள். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. ஆண்கள் காட்டாவில் தங்கம் வென்ற ரியோ கியுனா ஒகினாவாக்காரர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெறவில்லை.

எமது கூட்டத்திலிருந்து 11 பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். நால்வர் பெண் பிள்ளைகள். அந்தத் தகப்பனின் மகனும் போகிறான். சண்டை படிக்கவா வந்தோம் என்று கேட்ட தாய், மூன்று கிழமை பார்த்துவிட்டுத் தம் இளைய மகளையும் சேர்த்திருக்கிறார். கட்டணத்தை மாதாமாதம் கொடுக்க முடியாதவர்கள் வேலை கிடைக்கும் மாதங்களில் சேர்த்துக் கொடுப்பதற்கு ஆசிரியர் இணங்கியுள்ளார். தவணை விடுமுறையில் பாடசாலை மண்டபம் பூட்டியிருக்கும் என்பதால், அந்நாட்களில் எமது நிலைய மண்டபத்தைத் திறந்து கொடுப்போம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு வர வேண்டும். துடைப்பம் இரண்டுதான் இருக்கிறது. இயன்றவர்கள் ஒன்று கொண்டுவாருங்கள்.